வலது என்றால் வலது

அந்த நீலக் காரைச் சாலையில் நேரில் பார்த்தவர்களைவிட, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து திரையில் ஓட்டியவர்கள்தான் உலகத்தில் அதிகம். ஜப்பானில் செய்த நாலு கதவுக் கார். தூரத்தில் பார்த்தால் யாரோ வங்கி மேலாளர் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகிற வண்டி மாதிரி சாதுவாக இருக்கும். கிட்டே போனால்தான் குட்டு வெளிப்படும். பானெட் மேல் காற்றை விழுங்க ஒரு வாய், பின்னால் ஒரு இறக்கை, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற முரட்டுத்தனம். சேறும் கல்லுமான காட்டுப் பாதைகளில் ராலி ஓடுவதற்கென்றே வளர்த்த இனம் அது. பந்தய வீடியோ கேம் எது வந்தாலும் அதில் இந்தக் காருக்கு ஒரு இடம் உண்டு. அந்த இனத்தில் ஒன்றை வைத்து ராலி ஓடிய ஒரு அண்ணனும் தங்கையும் அதற்கு நீலி என்று பேர் வைத்திருந்தார்கள். எவ்வளவு பார்த்துப் பார்த்து இறுக்கினாலும் அடியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிடும். "நீலிக் கண்ணீர், நம்பாதீங்க" என்பார் அதைப் பராமரிக்கிற பட்டறைக்காரர்.

ஓட்டுவது அண்ணன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொல்வது தங்கை. ராலி என்பது மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற பந்தயம் அல்ல. ஒவ்வொரு காராகக் காட்டுப் பாதையில் அவிழ்த்துவிடுவார்கள். யார் சீக்கிரம் மறுமுனைக்குப் போய்ச் சேருகிறார் என்பதுதான் போட்டி. வளைவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. அதனால் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு இரண்டு பேரும் வேறொரு சாதாரண வண்டியில் அந்தப் பாதையை மெதுவாகப் பார்த்து வருவார்கள். ஓட்டுகிறவன் பார்த்ததைச் சொல்வான், பக்கத்தில் இருப்பவள் குறித்துக்கொள்வாள். பந்தயத்தன்று அதையே அவனுக்குத் திருப்பிப் படிப்பாள். "இடது ஆறு" என்றால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே வேண்டாத சாதாரண வளைவு. "வலது ஒன்று" என்றால் கொண்டை ஊசி. நடுவில் உள்ள எண்கள் நடுத்தர ஆபத்துகள். எண்பது, நூறு என்று பெரிய எண் வந்தால் அத்தனை மீட்டர் நேர்ப்பாதை. மேடு ஏறும்போது முன் கண்ணாடியில் வெறும் வானம்தான் தெரியும். அந்த நேரத்தில் அவள் "வலது மூணு" என்றால், வானத்தைப் பார்த்துக்கொண்டே வலது பக்கம் ஒடிக்க வேண்டும். யோசித்தால் போச்சு. வலது என்றால் வலது.

இந்த வேலையில் ஒரு அநியாயம் உண்டு. கைதட்டல் ஓட்டுகிறவனுக்கு, குமட்டல் பக்கத்தில் இருப்பவளுக்கு. குலுங்குகிற காரில் தலையைக் குனிந்து படித்துப் பாருங்கள், தெரியும். தங்கைக்கு அது பழகிப்போயிருந்தது. வாரத்தில் மற்ற நாட்களில் அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். டாக்டர்களின் கையெழுத்தையே பிழையில்லாமல் படிக்கிறவளுக்குத் தன் கையெழுத்து எம்மாத்திரம்? வண்டி கிளம்பியதிலிருந்து நிற்கும்வரை வாய் மூடாததால் ராலிக்காரர்கள் அவளுக்கு வைத்த பேர் ரேடியோ. அத்தனை வருஷத்தில் அவள் ஒரு வளைவைக்கூடத் தப்பாகப் படித்ததில்லை. கடையிலும் அப்படித்தான். மருந்தை மாற்றிக் கொடுப்பதும் வளைவை மாற்றிச் சொல்வதும் அவளுக்கு ஒரே பாவம்தான்.

இந்தத் தடவை பாதை பார்க்கப் போனபோது அண்ணன் ஒரு புதுப் பழக்கத்தை ஆரம்பித்தான். வளைவு வரும்போது, "இதை நீ என்னன்னு சொல்லுவ?" என்று கேட்டான்.

"இடது நாலு மாதிரி இருக்கு" என்றாள்.

"அதேதான். எழுதிக்கோ."

அடுத்த வளைவிலும் அதே கேள்வி. அதற்கடுத்ததிலும். அவன் வாயிலிருந்து ஒரு எண்கூட வரவில்லை. வண்டியையும் ஓரத்தை ஒட்டி ஒட்டி உருட்டிக்கொண்டு போனான். "என்னண்ணா, கட்டை வண்டி மாதிரி போற?" என்று கேலி செய்தாள். "பெட்ரோல் விக்கிற விலையில" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ராலி உலகத்தில் இது சின்ன விஷயமில்லை. தன் கண்ணால் பார்த்ததைத் தவிர வேறெதையும் நம்பாதவன்தான் நல்ல ஓட்டுநர். அவன் தன் பார்வையை இன்னொருவர் கையில் கொடுக்கிறான் என்றால், அதைவிடப் பெரிய பட்டம் பக்கத்து இருக்கைக்குக் கிடையாது. தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே ஒரு முறை சிரித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் ரேடியோவாக இருந்தவள் கடைசியில் ஒரு ஆளாக மதிக்கப்பட்டுவிட்டாள் என்று நினைத்தாள்.

பந்தயத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. சாயங்காலம் கடை மூடியதும் அவள் நேரே அண்ணன் வீட்டுக்குப் போவாள். கூடத்தில் பழைய சாப்பாட்டு மேசையில் ஒரு விளையாட்டு ஸ்டீயரிங்கைத் திருகி மாட்டியிருந்தான். கீழே மூன்று பெடல், எதிரே சுவரில் பெரிய டி.வி. கேமில் அவர்கள் நீலியைப் போலவே ஒரு நீலக் கார். அதே வாய், அதே இறக்கை. எண்ணெய் மட்டும் ஒழுகாது. கேமுக்குள்ளேயே வழி சொல்லும் குரல் ஒன்று உண்டு. அதை அவன் அணைத்து வைத்திருந்தான்.

"அந்த ஆள் தூக்கத்துல பேசறவன் மாதிரி பேசறான். நீ வந்து படி. பந்தயத்துக்கு முன்னாடி நம்ம ரெண்டு பேருக்கும் தாளம் சேரணும்."

கேமில் உள்ள பாதைகளுக்கும் அவளையே குறிப்பு எடுக்கச் சொன்னான். எடுத்தாள். படித்தாள். அவன் ஓட்டினான். அடடா, என்ன ஓட்டு! அவள் வாயிலிருந்து சொல் விழுவதும் அவன் கை திரும்புவதும் ஒன்றாக நடந்தன. திரையில் மரங்கள் கிழிந்து ஓடின. நாற்காலியைக் கொஞ்சம் கோணலாகப் போட்டுக்கொண்டு, முகத்தை டி.வி.க்கு ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தான். பெரிய ஓட்டுநர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு கோணங்கித்தனம் இருக்கும் என்று அவள் விட்டுவிட்டாள்.

ஒரு நாள் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனபோது அண்ணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே பேசினாள்.

"உங்க அண்ணனுக்கு என்னை ஏன் பிடிக்காமப் போச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

தங்கைக்குத் தண்ணீர் புரை ஏறியது. "என்ன அண்ணி பேச்சு இது?"

"முகம் கொடுத்துப் பேசறதே இல்ல. எனக்குப் பக்கத்துல, காதோரமா யாரோ நிக்கிற மாதிரி அங்க பார்த்துப் பேசறார். எவ நிக்கிறான்னு நானும் திரும்பித் திரும்பிப் பார்க்கறேன்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "முடியை இவ்வளவு குட்டையா வெட்டிக்கிட்டேன். கவனிச்சாரா, இல்லையே. கடைக்குக் காரை எடுங்கன்னா, ஊருக்குள்ள ஓட்டினா கை கெட்டுப்போகும்கிறார். நான்தான் ஓட்டிக்கிட்டுப் போறேன். சுவர்ல அவ்வளவு பெரிய கடிகாரம் இருக்கு, அதுக்கு எதிர்ல உட்கார்ந்துக்கிட்டு என்கிட்ட மணி கேட்கறார். என்னை வேலைக்காரியா வச்சு வேலை வாங்கறதுல ஒரு சந்தோஷம் போல."

தங்கை டம்ளரை வைத்தாள். வைத்த கை அங்கேயே நின்றது.

அவளுடைய மருந்துக்கடைக்கு மாதா மாதம் ஒரு அம்மாள் வருவாள். ஓய்வுபெற்ற ஆசிரியை. பணம் கொடுக்கும்போதும் நலம் விசாரிக்கும்போதும் அவள் பார்வை தங்கையின் தோளுக்கு மேல், மருந்து அலமாரியில் இருக்கும். முதலில் திமிர் என்றுதான் தங்கை நினைத்தாள். பிறகு ஒரு நாள் அந்த அம்மாளே சொன்னாள். கண்ணின் நடுப்பகுதி மட்டும் கெட்டுப்போகிற நோயாம். ஓரம் நன்றாகத் தெரியும், சுவரில் மோதாமல் நடக்கலாம், படி இறங்கலாம். ஆனால் எதை நேராகப் பார்த்தாலும் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. நடுவில் மட்டும் யாரோ அழித்துவிட்ட மாதிரி.

அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். பெட்ரோல் விலை, கழுத்தைச் சாய்த்து உட்காருவது, "இதை நீ என்னன்னு சொல்லுவ?" எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அண்ணன் அவளுக்குப் பட்டம் எதுவும் கொடுக்கவில்லை. அவனுக்கு வளைவு தெரியவில்லை. அவ்வளவுதான். அதைப் போய் அவள் பெருமை என்று எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று சிரித்திருக்கிறாள்.

கேட்டால் சொல்வானா? சின்ன வயதில் கை எலும்பு முறிந்ததை மூன்று நாள் மறைத்தவன் அவன். கல்லுளிமங்கன் போன வழி காடுமேடெல்லாம் தவிடுபொடி என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். கேட்டால், "உனக்கென்ன பைத்தியமா" என்பான். ஒரு நகைச்சுவை சொல்லிப் பேச்சை மாற்றுவான். அப்புறம் பந்தயத்துக்கு வேறு யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போவான். அந்தப் பாதையின் இரண்டு பக்கமும் வேடிக்கை பார்க்க ஊரே நிற்கும்.

அது அவள் தப்பான எண்ணமாகவும் இருக்கலாம். இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்கே ஆசையாக இருந்தது. தெரிந்துகொள்ள ஒரு வழிதான் உண்டு.

கூடத்துக்கு வந்தாள். "என்ன, அடுப்படியில மாநாடா?" என்றான் அண்ணன், அவள் தோளுக்கு மேலே பார்த்து.

"ஏரிப் பாதையை எடு" என்றாள்.

அது கேமில் உள்ள பாதைகளில் ஒன்று. பாதி தூரம் காடு. அப்புறம் மரங்கள் முடிந்து ஒரு நீளமான நேர்ப்பாதை. அதன் முடிவில் பெரிய ஏரி. சாலை ஏரிக்கு முன்னால் இடது பக்கம் வளைந்து கரையோடு போகும். வலது பக்கம் வேலிகூடக் கிடையாது, நேரே தண்ணீர்தான். மேடு இல்லை, மறைப்பு இல்லை, பட்டப்பகல் வெயில். குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். கண் தெரிந்த எந்த ஓட்டுநரும், பக்கத்தில் இருப்பவள் என்ன உளறினாலும், அங்கே இடது பக்கம்தான் திருப்புவான். திருப்பிவிட்டு அவளைத் திட்டுவான். அண்ணன் தன்னைத் திட்ட வேண்டும் என்று அவள் அன்று வேண்டிக்கொண்ட மாதிரி எந்தத் தங்கையும் வேண்டியிருக்க மாட்டாள்.

நீலக் கார் கிளம்பியது. "எண்பது. இடது ஐந்து. வலது மூணு, இறுகும், உள்ளே வெட்டாதே." அவள் குரல் வழக்கம்போல ஓடியது. "மேடு. நேரா விடு. இடது ரெண்டு." அண்ணன் கைகள் அவள் சொல்லுக்குச் சரியாகத் திரும்பின. எங்கேயும் ஒரு பிசிறு இல்லை. காடு முடிந்தது. டி.வி. முழுக்க ஏரி விரிந்தது. அவ்வளவு பெரிய நீலம்.

"நூறு" என்றாள்.

"வலது நாலு."

வலது பக்கம் திருப்பினான். காலைக்கூட எடுக்கவில்லை. சந்தேகப்படவில்லை, தயங்கவில்லை. கார் சாலையை விட்டுப் பறந்து, புல்லில் ஒரு தடவை புரண்டு, ஏரிக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு போயிற்று. திரை கருத்தது. மறுபடி ஆட வேண்டுமா என்று கேம் கேட்டது.

அண்ணன் ஸ்டீயரிங்கை விடவில்லை. "தப்பா சொல்லிட்ட" என்றான் மெதுவாக.

"ஆமா."

"நீ தப்பா சொல்ல மாட்டியே."

"ஏரி உன் கண்ணு முன்னாடி இருந்துச்சு அண்ணா. டி.வி. பூரா ஏரிதான்."

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பொய்யாகப் படித்திருக்கிறாள். அதுவும் அவனிடம். கண்ணீர் தன் பாட்டுக்கு வழிந்தது. அவன் அதைப் பார்க்க மாட்டான் என்று தெரிந்ததும் இன்னும் அதிகமாக வந்தது.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷம் இருக்கும். முதல்ல ஒரு புள்ளி மாதிரிதான் இருந்துச்சு." சலிப்பாகச் சொன்னான், யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோல. "டாக்டர்கிட்டயும் போனேன். திரும்ப வராதுன்னுட்டார்."

"பந்தய லைசென்ஸுக்குக் கண் பரிசோதனை பண்ணுவாங்களே?"

"சுவர்ல மாட்டியிருக்கிற எழுத்து அட்டைதானே? வருஷா வருஷம் அதே அட்டை. பாட்டு மாதிரி மனப்பாடம்." அதில் அவனுக்கு லேசான பெருமைகூட இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான் மனுஷன். வீட்டில் கட்டின மனைவிக்குத் தெரியாமல், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவளுக்குத் தெரியாமல். அவளுக்குக் கோபம் வந்தது.

அவனோ இப்போது உற்சாகமாகப் பேச ஆரம்பித்திருந்தான். "யோசிச்சுப் பாரு. போன பந்தயத்துல நாம ரெண்டாவதா வந்தோம். அப்பவும் எனக்கு இதே கண்ணுதான், பாதை பார்க்கப் போனப்ப மெதுவா போனா வளைவு மட்டும் கொஞ்சம் பிடிபட்டுச்சு. ஓரம் தெரியும், மரம் ஓடறது தெரியும், மீதிக்கு நீ இருக்க. நீ சொன்னா நான் போவேன். கண்ணு தெரிஞ்சவன்கூடத்தான் மேடு ஏறும்போது வானத்தைப் பார்த்துக்கிட்டுத் திருப்பறான். எனக்கு எல்லா இடமும் மேடு, அவ்வளவுதான் வித்தியாசம். இன்னும் ஒரே ஒரு பந்தயம். அப்புறம் நானே நிறுத்திடறேன்."

இதில் பயங்கரம் என்னவென்றால், அவன் சொன்னது ஏறக்குறைய உண்மை. அவர்கள் ஓட்டியது அப்படித்தான். அவளுக்கே ஒரு கணம் ஆசை எட்டிப் பார்த்தது. அவள் குரலும் அவன் கையும் சேர்ந்தால் ஒரு முழு ஆள். அந்த ஆள் யாருக்கும் சளைத்தவன் இல்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீலி ஓடும்.

"அண்ணா, நான் எழுதி வச்சது வளைவு, மேடு, பாலம். நடுவுல குறுக்கே ஓடற ஆளை எழுத முடியாது."

"எவன் குறுக்கே ஓடப்போறான்? அதுக்குத்தான் கயிறு கட்டிக் காவல் போடறாங்களே."

"போன தடவை ஓடினாரே."

"யாரு?"

"மஞ்சள் சட்டை போட்டவர். பாலத்துக்கு முன்னாடி. நீ வேகத்தைக் குறைக்கவே இல்ல. நூல் இழையில தப்பிச்சார்."

அண்ணன் முகம் அவள் பக்கம் திரும்பியது. முதல் தடவையாக நேராக. "எந்த ஆளு?" என்று கேட்டான்.

தங்கை அவன் கண்ணையே பார்த்தாள்.

அந்த விஷயத்தை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. காருக்குள் பயந்ததைக் காருக்கு வெளியே பேசக்கூடாது என்பது பக்கத்து இருக்கையின் எழுதாத சட்டம். பேசினால் ஓட்டுகிறவனுக்கு அடுத்த தடவை கால் தயங்கும். மஞ்சள் சட்டை கண்ணாடியை உரசிக்கொண்டு போனபோது அவள் ஒரு எழுத்துகூடத் தடுமாறாமல் அடுத்த வளைவைப் படித்தாள். அண்ணன் காலை எடுக்காததைப் பார்த்து, இரும்பு நெஞ்சு என்று மலைத்தாள். அந்த மலைப்பை ஒரு வருஷமாக மனசுக்குள் பொத்தி வைத்திருந்தாள். இரும்பும் இல்லை, நெஞ்சும் இல்லை. அவனுக்கு அங்கே ஆளே இல்லை.

"எந்த ஆளுன்னு கேட்கறேன்ல?" அவன் குரல் உடைந்திருந்தது.

"குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடினார்."

ஸ்டீயரிங்கிலிருந்து அவன் கைகள் தானாக இறங்கின. "குழந்தையா?"

"ம்."

"எவ்வளவு பெரிய குழந்தை?"

அவள் கையால் அளவு காட்டினாள். காட்டியபிறகுதான் உறைத்தது. "இடுப்புல வச்சுக்கிற குழந்தை" என்றாள்.

அவன் பெடல்கள் மேலிருந்து காலை எடுத்து நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான், சுடுகிற தரையிலிருந்து எடுப்பதுபோல. அண்ணி கூடத்து வாசலில் நின்றிருந்தாள். கையில் ஈரம் சொட்டியது. எவ்வளவு நேரமாக நின்றாளோ, எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்று முகமே சொன்னது. வந்து அவன் முன்னால் மண்டியிட்டு, ஈரக் கையாலேயே அவன் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அவன் முகம் பழக்கத்தில் ஒதுங்கிப் போயிற்று.

"இப்பக்கூட என்னைப் பார்க்க மாட்டீங்களா?"

"நேரா பார்த்தா நீ காணாமப் போயிடற" என்றான். "காதுப் பக்கம் பார்த்தாத்தான் உன் முகம் ஓரத்துல கொஞ்சம் கிடைக்கும். உன்னைப் பார்க்கத்தான் அங்க பார்த்துக்கிட்டு இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "முடி நல்லா இருக்கு. சொன்னா, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கன்னு கேட்பியோன்னு பயந்துட்டேன்" என்றான்.

அண்ணி அவன் மடியில் தலையை வைத்து அழுதாள். ஏமாற்றப்பட்டதற்கு அழுதாளா, வெறுக்கப்படவில்லை என்பதற்கு அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தங்கை எழுந்து போய் டி.வி.யை அணைத்தாள்.

மறுநாள் காலை பட்டறைக்கு மூன்று பேரும் போனார்கள். அண்ணி ஓட்டினாள். பட்டறை என்றால் பெரிய தகரக் கொட்டகை. நடுவில் நீலி குளித்துமுழுகி நின்றது. புது டயர், புது எண்ணெய், பந்தயத்துக்கான எண்கூட ஒட்டியாயிற்று. பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தங்கை வாயைத் திறக்கப் போனபோது அண்ணன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"நானே சொல்றேன்" என்றான். சொன்னான். எனக்குக் கண் தெரியவில்லை என்ற அந்த மூன்று சொல்லை அவன் வெளியாளிடம் சொல்வது அதுதான் முதல் தடவை.

பட்டறைக்காரர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் பாதியில் நிறுத்தினார். என்ன செய்வதென்று தெரியாமல் விரலை நீட்டி, "இது எத்தனை?" என்று கேட்டார்.

"விரல் தெரியல. உங்க தலையும் தெரியல. சுத்தி இருக்கிற கூரை தெரியுது."

பெரியவர் கையை இறக்கினார். துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார், துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "கண்ணாடியில அழுக்கு, கண்ணாடியில அழுக்குன்னு என்னைத் திட்டுவியேப்பா" என்றார். "நானும் என்னென்னவோ போட்டுத் தேய்ச்சேன். ரெண்டு தடவை கண்ணாடியையே மாத்தினேன். நம்ம வேலையில என்ன குறைன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வராம கிடந்தேன்." நீலியின் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்க வேலையில குறையே இல்ல" என்றான் அண்ணன். "அதைச் சொல்லத்தான் வந்தேன்." பட்டறையின் போனிலிருந்தே பந்தயம் நடத்துகிறவர்களைக் கூப்பிட்டுத் தன் பேரை எடுத்துவிடச் சொன்னான். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டார்கள் போல. அதையும் சொன்னான்.

நீலியை அங்கே விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனசு வரவில்லை. வீட்டு முற்றத்தில் நிற்கட்டும் என்றான். சாவியைத் தங்கையிடம் நீட்டினான். அவள் அந்தக் காரில் எத்தனையோ காடுகளைத் தாண்டியிருக்கிறாள், ஸ்டீயரிங்கை ஒரு தடவையும் தொட்டதில்லை. அவன் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறினான். அங்கே இருந்த பெல்ட்டுகள் அவள் உடம்புக்கு அளவெடுத்து இறுக்கியவை. அவன் தோளுக்கு எட்டவே இல்லை. பட்டறைக்காரர் குனிந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அவற்றைத் தளர்த்தி மாட்டிவிட்டார்.

முதல் தடவை வண்டி உதறி நின்றுபோனது. "கிளட்ச்சை மெதுவா விடு, ரேடியோ" என்றான். இரண்டாவது தடவை நகர்ந்தது. அந்த எஞ்சினின் அடித்தொண்டை உறுமல் தகரக் கூரையில் அதிர்ந்தது. இவ்வளவு சத்தத்தையும் இவ்வளவு மெதுவான நடையையும் அவள் சேர்த்துக் கேட்டதில்லை. கொட்டகை வாசலைத் தாண்டி, சாலை தொடங்கும் இடத்தில் பிரேக்கை மிதித்தாள். அண்ணன் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, முகத்தைச் சற்றுச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். பல வருஷம் அவன் காதில் பேசியவளுக்கு இப்போது என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"என்ன இருக்கு முன்னாடி?" என்று அவனே கேட்டான்.

"ஒண்ணும் இல்ல அண்ணா. சாலை காலியா இருக்கு."

அவன் தலையசைக்கவில்லை. உள்ளங்கையை முழங்காலில் அழுத்தினான்.

"இன்னொரு தடவை நல்லா பாரு" என்றான்.

அவள் ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தாள். நின்று, மறுபடியும் பார்த்தாள். யாரும் வரவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் காரை எடுத்தாள்.